ஒரே சமையல், நாலு நாக்கு

கேள்வி: வேலை முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வர ஏழு மணியாகிவிடும். மாமிக்கு உறைப்பு ஆகாது, கணவருக்குச் சீனி வருத்தம், மகன் கீரையைக் கண்டாலே எழும்பி ஓடுகிறான். எல்லோருக்கும் ஒரே சமையல் சரிவருமா?

பதில்: சரிவரும், நாலு கறி வைக்கும் ஆசையை விட்டால். சிவப்பரிசிச் சோறு, கணவருக்கு மட்டும் அளவாக. மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே 20 நிமிடத்தில் அவிந்துவிடும்; மஞ்சள், உள்ளி, ரம்பையோடு இறக்குங்கள், உறைப்புக்காரருக்குச் செத்தல் மிளகாயைத் தனியாகத் தாளித்து வைத்தால் மாமிக்கும் பிரச்சினையில்லை.

அப்புறம் மகன். பொன்னாங்காணியைக் கட்டாக இறுக்கிப் பிடித்து நூல் போல அரிந்து, வெங்காயம் வதங்கிய சட்டியில் தேங்காய்ப்பூவோடு இரண்டே நிமிடம் பிரட்டி, அடுப்பை அணைத்த பிறகுதான் தேசிக்காய் பிழியுங்கள், முதலே பிழிந்தால் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும் (அந்த நிறத்தைப் பார்த்துத்தான் என் வீட்டுச் சின்னவரும் தட்டைத் தள்ளினார்). தேசிக்காயிலுள்ள விற்றமின் சி கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும்.

மீன் வேண்டுமென்றால் சாளை போதும், பொரிக்காமல் புளி விட்டு அவியுங்கள்.