காலாண்டு லீவில் யாலா வேண்டாம்

கேள்வி: காலாண்டுத் தேர்வு லீவில் குடும்பத்தோடு இலங்கைக்குப் போகிறோம். செப்டம்பர் கடைசி வாரம், ஐந்து நாள். என் கணவருக்குச் சிறுத்தை பார்க்க வேண்டும். யாலா போயே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். மகளுக்கு யானை என்றால் உயிர். என் தோழி போன டிசம்பரில் போய்விட்டு, மழையில் நனைந்து, மயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாள். எங்களுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மாமியாருக்கு எழுபது வயது, இடுப்பு வலி உண்டு. அவரை ஜீப்பில் ஏற்றலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் எழுதினீர்களே, அதுவே நல்லது. உங்கள் கணவரிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் போகிற வாரத்தில் யாலா தேசியப் பூங்கா பெரும்பாலும் மூடியிருக்கும். சுற்றுலாப் பயணிகள் யாலா என்று சொல்வது அந்தப் பூங்காவின் முதலாம் பிரிவைத்தான். சிறுத்தைகள் அதிகமாகக் கண்ணில் படுவதும் அங்கேதான். அங்கே வறண்ட காலத்தின் உச்சத்தில், வழக்கமாக செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 15 வரை, அந்தப் பிரிவை மூடிவிடுவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் முன்பின்னாகும். ஆனால் உங்கள் லீவு சரியாக அதன் நடுவில் வந்து விழுகிறது.

மூடுவதற்குக் காரணம் வறட்சி. குட்டைகள் வற்றி, விலங்குகள் ஒரு வாய்த் தண்ணீருக்கு அலைகிற நேரம் அது. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து குட்டைகளில் ஊற்றுகிற நிலைமையில், நூறு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனால் தாங்குமா? ஆனால் இதை எல்லா ஏஜென்ட்டும் உங்களிடம் சொல்ல மாட்டார். ‘யாலா திறந்துதான் இருக்கிறது’ என்பார். பொய்யில்லை, ஐந்தாம் பிரிவோ பக்கத்து லுணுகம்வெஹெர பூங்காவோ திறந்திருக்கும். ஆனால் உங்கள் கணவர் போட்டோவில் பார்த்த அந்தப் பாறையும் அதன் மேல் படுத்திருக்கும் சிறுத்தையும் அங்கே இருக்காது. ஆகவே யாரிடம் பேசினாலும் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

‘மழை இருக்குமா’ என்ற கேள்விக்கு வருவோம். இலங்கை முழுவதற்கும் ஒரே வானிலை கிடையாது. கோயம்புத்தூர்க்காரரான உங்களுக்கு இது எளிதில் புரியும். ஜூனில் பாலக்காட்டில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது உங்கள் ஊரில் காற்றும் தூறலும்தானே? அங்கேயும் அப்படித்தான். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைத்துவிட்டு, மலையைத் தாண்டும்போது உலர்ந்துபோகிறது. கிழக்குக் கரையில் அந்தச் சூடான காற்றுக்குக் கச்சான் என்று பெயர். பெரிய பூங்காக்கள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வறண்ட பக்கத்தில்தான் இருக்கின்றன. அக்டோபரில் இடிமழை தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகுதான் அவற்றுக்குத் தண்ணீர்.

உங்கள் தோழிக்கு நேர்ந்தது இதுதான். டிசம்பரில் காடு முழுக்கத் தண்ணீர், கால் வைக்கிற இடமெல்லாம் புல். விலங்குக்குக் குளத்தங்கரைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. புதரும் அடர்ந்து மறைத்துவிடும். காய்ந்த மாதத்தில் தண்ணீர் நாலே இடத்தில் இருக்கும், விலங்கும் அந்த நாலு இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். எனவே பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது, நாம் போகிற மாதத்தில் தண்ணீர் எங்கே மிச்சமிருக்கும் என்று பாருங்கள். பூங்காவின் புகழைப் பார்த்துத் தேதி குறிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு.

அந்தக் கணக்கில் செப்டம்பர் கடைசி உங்கள் மகளுக்கு அருமையான நேரம். மின்னேரியா தேசியப் பூங்காவுக்குப் போங்கள்.

அந்தப் பூங்காவுக்குள் இருப்பது மின்னேரியா என்ற பழைய குளம். மூன்றாம் நூற்றாண்டில் மகாசேனன் என்ற மன்னன் கட்டியது. இன்றைக்கும் வயலுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. கட்டிய மன்னனையே அந்த வட்டாரத்தில் மின்னேரித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஜூலையில் நீர் இறங்கத் தொடங்கியதும் குளத்தின் ஓரத்தில் வெளிப்படுகிற ஈர நிலத்தில் இளம்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து கருகிக் கிடக்க, இங்கே மட்டும் பச்சைப்பசேலென்று புல், குடிக்கத் தண்ணீர், குளிக்கச் சேறு. யானைகளுக்கு வேறென்ன வேண்டும்? கூட்டம் கூட்டமாகக் குட்டிகளோடு வந்து சேரும். துணை தேடி ஆண் யானைகளும் வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் இது உச்சத்தில் இருக்கும். நல்ல ஆண்டில் ஒரே மாலையில் இருநூறு, முந்நூறு யானைகள் நிற்பதுண்டு. ஆசியாவில் காட்டு யானைகள் இத்தனை பெரிய கூட்டமாகக் கூடுவதை இவ்வளவு சுலபமாகப் பார்க்க வேறு இடம் அரிது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சுற்றுலா விளம்பரங்களில் அது வராது. 2018-ல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு, அங்கிருந்து திறந்துவிடும் தண்ணீரால் சில சமயம் இந்த வறண்ட மாதங்களிலும் மின்னேரியா நிறைந்தே நிற்கிறது. விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் புல் முளைக்க வேண்டிய இடம் தண்ணீருக்கடியில் போய்விடுகிறது. யானைகள் அப்போது பக்கத்திலுள்ள கவுடுல்ல குளத்துக்கோ, ஹுருலு காட்டுக்கோ நகர்ந்துவிடும். எனவே ‘மின்னேரியா சவாரி’ என்று முன்கூட்டியே பணம் கட்டிவிடாதீர்கள். ஹபரணை என்ற ஊரில் தங்குங்கள், மூன்று இடமும் அங்கிருந்து பக்கம். ஜீப் ஓட்டுநர்கள் தினமும் மாலையில் போய் வருகிறவர்கள். நேற்று யானை எங்கே நின்றது என்று அன்று காலையில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மின்னேரியாவும் கவுடுல்லவும் வனசீவராசிகள் திணைக்களத்தின், அதாவது வனவிலங்குத் துறையின் கையில், ஹுருலு வனத்துறையின் கையில். ஒன்றுக்கு எடுத்த சீட்டு இன்னொன்றில் செல்லாது; டிக்கெட் வாங்குவதற்கு முன்பே இடத்தை முடிவு செய்துவிட வேண்டும்.

நேரம்? மாலைதான். மத்தியான வெயிலில் யானைகள் காட்டுக்குள் நிழலில் நிற்கும். மூன்று மணிக்கு மேல்தான் குளத்துப் பக்கம் இறங்கும். இரண்டரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குப் பூங்கா மூடும்வரை பார்க்கலாம். செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும்போது பிற்பகல் இடிமழை எட்டிப்பார்க்க ஆரம்பிக்கும், அது ஒன்றுதான் கவலை. அதற்கு வழி, ஹபரணையில் இரண்டு இரவு தங்குவது. வந்து இறங்கிய முதல் மாலையே காட்டுக்குப் போய்விடுங்கள். மழை கெடுத்தால் மறுநாள் மாலை கையில் இருக்கும். கெடுக்காவிட்டால் அந்த நாளில் பழைய தலைநகரான பொலன்னறுவையோ, சிகிரியா பாறைக் கோட்டையோ பார்த்துக்கொள்ளுங்கள். சிகிரியா ஏறுவதானால் விடியற்காலையில். பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல்தான்.

சரி, உங்கள் கணவரின் சிறுத்தை. அவரை வில்பத்துவுக்குக் கூட்டிப்போங்கள். இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா, 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். போர்க்காலத்தில் நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2010-ல் மறுபடி திறந்தது. காட்டுக்குள் மணல் விளிம்போடு கூடிய இயற்கைக் குளங்கள் நிறைய; வில்லு என்கிறார்கள். மழைநீர் தேங்கி நிற்கும் அந்தக் குளங்கள் செப்டம்பரில் சுருங்கிவிடும், தண்ணீர் மிஞ்சியிருக்கும் வில்லுகளில்தான் மான் கூட்டம். மான் இருக்கிற இடத்துக்குச் சிறுத்தை வரும். இலங்கைக் காட்டில் புலி கிடையாது. அதனால் சிறுத்தைக்குப் பயந்து ஒதுங்க வேண்டிய பெரியண்ணன் யாருமில்லை. நம் ஊர்ச் சிறுத்தையைவிடத் துணிச்சலாகப் பகலிலும் நடக்கும்.

ஆனால் அவர் மனத்தைத் தயார்செய்துவிடுங்கள். வில்பத்து அடர்ந்த காடு, வில்லுகள் இருக்கும் பகுதிக்குப் போய்ச் சேரவே நேரமாகும். அரை நாள் சவாரியில் பாதி, பாதையிலேயே போய்விடும். முழு நாள் எடுங்கள், காலை ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள். அப்படியும் சிறுத்தை வராமல் போகலாம். நான் சொல்வேன், வராவிட்டாலும் வில்பத்துதான் மேல். யாலாவில் ஒரு சிறுத்தை தென்பட்டதும் செய்தி பறந்து, இருபது முப்பது ஜீப் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அதில் சிறுத்தையின் வாலைப் பார்த்துவிட்டு வந்து ‘பார்த்தேன்’ என்பதில் எனக்கு ருசி இல்லை. அது என் கட்சி, உங்கள் கணவர் மாறுபடலாம்.

வழியும் ஒத்துவருகிறது. கட்டுநாயக்க விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே இருப்பதால், நகருக்குள் போகாமலே அனுராதபுரத்துக்குப் போய்விடலாம். இரண்டு இரவு அங்கே, நடுவில் ஒரு முழு நாள் வில்பத்து. அப்புறம் ஹபரணை இரண்டு இரவு, அங்கிருந்து நேராக விமான நிலையம். தெற்கே உள்ள யாலாவையும் இதோடு சேர்த்துச் செருகினால் ஐந்து நாளும் வேனுக்குள்ளேயே கழியும்.

யாலாதான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால், பயணத்தை ஆண்டு லீவுக்குத் தள்ளிவையுங்கள். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டு, மே மாதம் பௌத்தர்களின் வெசாக் பண்டிகை. அந்த நாட்களில் இலங்கையே ஊர்சுற்றக் கிளம்பியிருக்கும். அவற்றை விட்டுவிட்டு மே கடைசியில் போனால், பாலைப்பழம் பழுக்கிற காலம். அதற்காகக் கரடி மரத்திலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். கொழும்பில் மழை கொட்டும், பயப்பட வேண்டாம், யாலா காய்ந்துதான் இருக்கும். ஆடியில் கதிர்காமத் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வரும் யாத்திரிகர்கள் குமண, யாலா காடுகளைக் கால்நடையாகவே கடக்கிறார்கள் என்றால், அந்தப் பருவம் எவ்வளவு வறண்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரையாண்டு லீவில்தான் முடியும் என்றால் உடவளவை தேசியப் பூங்கா. அங்கே பெரிய நீர்த்தேக்கமும் புல்வெளியும் இருப்பதால் ஆண்டு முழுவதும் யானை உண்டு. ரெயின்கோட் மட்டும் மறக்க வேண்டாம்.

மாமியாரை மின்னேரியாவுக்குத் தாராளமாக அழைத்துப்போங்கள். மூன்று, மூன்றரை மணி நேரம்தான், குளத்தருகே வந்துவிட்டால் ஜீப் பெரும்பாலும் நின்றபடிதான் இருக்கும். வில்பத்து வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் குண்டும் குழியுமான மண்பாதையில் அந்த இடுப்பு தாங்காது. அன்றைக்கு அவர் அனுராதபுரத்தில் ஓய்வாக இருக்கட்டும். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க விட மாட்டார்கள், எனவே கழிப்பறைக்கு வாசலிலேயே போய்விட்டு ஏறச் சொல்லுங்கள். ஜீப்பில் பின்வரிசை பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும், குலுக்கல் முழுதும் அங்கேதான். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை அவருக்கு வேண்டும் என்று ஜீப் பேசும்போதே சொல்லிவிடுங்கள். சில ஜீப்களில் அந்த இடத்தில் வழிகாட்டி உட்கார்ந்துகொள்வார், ஏறும் நேரத்தில் கேட்டால் சங்கடம்.