கையைக் கண்டாலே கடிக்கிறது!
வாசகர் கேள்வி – பதில்: வளர்ப்புப் பறவைகள்

கேள்வி: எங்கள் பச்சைக்கிளிக்கு 2½ வயது, ஆண். கழுத்தில் சிவப்பு வளையம் விழுந்து நான்கு மாதம் ஆகிறது. அதுவரை தோளில் உட்கார்ந்து காதோரம் கொஞ்சும். இப்போது இரண்டு மாதமாகக் கூண்டுக்குள் கை விட்டாலே ரத்தம் வரக் கடிக்கிறது. மகன் கத்தினால் இன்னும் மோசம். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை, கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை. கணவர் இரவு 11 மணிக்கு வேலை முடிந்து வந்து, 1 மணி வரை அதை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொடுப்பார். பிறகு அது பழைய சப்பாத்துப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கு எங்கள் மேல் என்ன கோபம்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கோபம் எதுவும் இல்லை. வளையம், இரவு 1 மணி, சப்பாத்துப் பெட்டி: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஆனாலும் முதலில் நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வலி உள்ள பறவையும் கடிக்கும். நோயைக் கடைசிவரை மறைத்தும் வைக்கும். கேக் மாவு நிறுக்கும் சின்னத் தராசில் தினமும் காலை, தீனிக்கு முன்னால், எடை பாருங்கள். இந்த வகைக் கிளி பெரும்பாலும் 115 முதல் 140 கிராம் இருக்கும். வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. ஈப்போவுக்குக் கிளம்பும் முன் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

நோய் இல்லையென்றால், வயதுதான். வளையம் விழுவது ஆண் கிளி பருவத்துக்கு வந்ததன் அடையாளம். அந்தப் பருவத்தை உங்கள் வீடு தெரியாமலே ஊதிவிடுகிறது. நம் மலேசியாவில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். உங்கள் கிளிக்கோ விளக்கு வெளிச்சத்தில் 18 மணி நேரம். நீண்ட பகலும் கொழுப்பான தீனியும் இருட்டுப் பொந்தும் சேர்ந்தால், 'கூடு கட்டும் காலம் வந்துவிட்டது' என்றுதான் அதன் உடம்புக்குப் படும். முதுகைத் தடவுவது நமக்குக் கொஞ்சல், அதற்கோ இணை சேரும் அழைப்பு. பொந்து கிடைத்த பறவை காவல் காக்காமல் என்ன செய்யும்?

பெட்டியை எடுத்துவிடுங்கள், கிளி வேறு அறையில் இருக்கும்போது. இரவு 8 மணிக்குக் கூண்டை மூடி, காலை 7 மணிக்குத் திறங்கள். தொலைக்காட்சி ஓடும் அறை வேண்டாம். கணவர் காலை 10 மணிக்கு விளையாடட்டும்; தடவினால் தலையும் கழுத்தும் மட்டும். சூரியகாந்தி விதையை ஒரே நாளில் நிறுத்தினால் கிளி பட்டினி கிடக்கும். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கிளிக்கென்று விற்கும் பெல்லட் (உருண்டைத் தீனி), கேரட், பரங்கிக்காய், கங்கோங் கீரை என்று மாற்றுங்கள். பச்சை மிளகாயும் தரலாம், பறவைக்குக் காரம் உறைக்காது. அவகாடோ, சாக்லேட் இரண்டும் விஷம். மருந்தடித்த செம்பனைக் காட்டு வாய்க்கால் ஓரத்தில் பறித்த கீரையும் வேண்டாம்.

இனி கடிக்கு வருவோம். 'திடீரென்று கடிக்கிறது' என்பது நம் கணக்கு. கிளி முன்னாலேயே எச்சரிக்கும்: கண்மணி சுருங்கி விரியும், பிடரி மயிர் சிலிர்க்கும், வால் விசிறியாகும், உடம்பு தாழ்ந்து முன்னால் நீளும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் கையை நிறுத்துங்கள். அதை மீறிப் போனால்தான் கடி. கடித்தால் கை ஓடுகிறது என்று ஒருமுறை கண்டுகொண்ட கிளி அடுத்த முறை எச்சரிக்கவே எச்சரிக்காது. மகனின் கத்தல் அதற்குக் கைதட்டல் மாதிரி. கடிபட்டால் வெடுக்கென்று இழுக்காமல், கையை அதன் பக்கமே மெல்ல நகர்த்துங்கள், பிடி தளரும். பிறகு பேசாமல் ஒரு நாற்காலி முதுகில் இறக்கிவிட்டு 10, 15 விநாடி திரும்பி நில்லுங்கள். அலகில் சுண்டுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் பயத்தைத்தான் வளர்க்கும்.

பழக்குவதற்குச் சாத்தே குச்சி ஒன்று போதும். கூர்முனையை வெட்டிவிட்டு, கம்பி வழியாக நீட்டுங்கள். அலகு நுனியால் தொட்டதும் பால்பாயிண்ட் பேனாவை 'டிக்' என்று அழுத்தி, உடனே ஒரு விதை. தாமதித்தால் எதற்குக் கூலி என்று அதற்குப் புரியாது. கிண்ணத்திலிருந்து எடுத்த சூரியகாந்தி இனி இந்தக் கூலிக்கு மட்டும். காலை மாலை 5 நிமிடம், அதற்கு மேல் சலித்துவிடும். குச்சியைத் தேடி அதுவே கூண்டுக்கு வெளியே வரத் தொடங்கியதும், விரல் தடிமன் உள்ள கொய்யாக் கிளையில் ஏறப் பழக்குங்கள். (அரளிக் கிளை கூடவே கூடாது.) கை கடைசியில்தான். கிண்ணத்தைக் கிளி வெளியே இருக்கும்போது மாற்றுங்கள். பல வாரங்கள் ஆகலாம்; நடுவில் ஒரு கடி விழுந்தால் முந்தின படிக்குத் திரும்புங்கள்.

கேள்வி: லயத்து வீடு, கூண்டு அஞ்சடியில் (வாசல் தாழ்வாரத்தில்) தொங்குகிறது. இரவில் கிளி படபடவென்று அடித்துக்கொள்கிறது. காலையில் யார் கிட்டே போனாலும் கடி. இறக்கையை வெட்டினால் அடங்கும் என்கிறார்கள். வெட்டலாமா?
— வாசகர், அதே வட்டாரம்

பதில்: வெட்டாதீர்கள். பறந்து தப்ப முடியாத பறவைக்கு மிச்சம் இருக்கும் ஒரே வழி அலகு. இரவில் எது மிரட்டுகிறது என்று பாருங்கள். எலியைப் பிடிக்கச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். கூகை வந்து அஞ்சடிக் கம்பத்தில் உட்கார்ந்தால் கிளி தூங்குமா? பூனை, பாம்பு வரவும் வாய்ப்பு உண்டு. இரவில் கூண்டை உள்ளே எடுத்து, ஒரு பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள். குசினியில் வேண்டாம்: ஒட்டாத சட்டி காய்ந்து கிளம்பும் புகை கிளியை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசு மருந்துப் புகை அடிக்க வரும் நாளில் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

கேள்வி: கிளி கடித்த காயத்துக்கு மஞ்சள் வைத்தால் போதுமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போதாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 5 நிமிடம் கழுவுங்கள். காயம் ஆழமாக இருந்தாலோ, விரல் மூட்டில் பட்டிருந்தாலோ, வீங்கினாலோ கிளினிக்குக்குப் போங்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் அதையும் கேளுங்கள். கடி ஆறிய பிறகும், காய்ச்சலும் வறட்டு இருமலும் தலைவலியும் வந்தால் வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசியிலிருந்து தொற்றும் கிளிக்காய்ச்சல் என்று ஒன்று உண்டு. நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அந்த நினைப்பே வராது.