குடியேற்றக் கால அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் பயணிகள் வண்டிகள் நின்றுவிடுமா?

நிற்கவில்லை, தாமதமாயின. 1766-இல் பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடத் தொடங்கிய ‘பறக்கும் இயந்திரம்’ என்ற குதிரைவண்டி, கோடையில் இரண்டு நாளில் கடந்த தூரத்துக்குக் குளிர்காலத்தில் மூன்று நாள் எடுத்துக்கொண்டது. அக்காலப் பயணிகள் வண்டிகளில், சாய்மானமற்ற பலகைகளில் நெருக்கியமர்ந்த பயணிகளுக்கு, ஊதற்காற்றைத் தடுக்கத் தொங்கவிட்ட திரைகளும் மேலே போர்த்திய கம்பளிகளுமே துணை. ஆறுகள்தாம், என் கருத்தில், பெரிய இடர்: பாலமில்லாத துறையில் பனிக்கட்டிகள் மிதந்து வரும்போது படகு இயங்காது, ஆறு நன்றாக உறையும்வரையோ உருகித் தெளியும்வரையோ கரையோர விடுதியில் காத்துக்கிடக்க வேண்டும். ஆனால் தரையில் வெண்பனி படிந்து இறுகிவிட்டால், சேற்றில் புதையும் சக்கரங்களைவிடச் சறுக்குவண்டி எளிதாக ஓடியது என்பதால், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் உழவர்கள் கனத்த சரக்குகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல அந்தப் பருவத்தையே விரும்பினர்.