மனையை விற்காதீர்கள், மகளின் கேள்வியைக் கேளுங்கள்

அம்மா, உங்கள் கடிதம் முழுக்க மகளின் நீட் மதிப்பெண்ணும் அவள் மாமா சொன்னதும்தான். அரசு இடம் எட்டவில்லை, இரண்டு முறை எழுதியாயிற்று, மனையை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்கிறார் தாய்மாமன். சர்க்கரையால் அவள் அப்பாவுக்குக் கண்ணில் மாதாமாதம் ஊசி. நடுவில் ஒரே ஒரு வரி மகளைப் பற்றி: "போட்ட ஊசி ஏன் ஒரு மாசம்கூட நிக்கலைன்னு டாக்டரைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கா."

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. மனையைத் தொடாதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். விடுதிச் செலவு தனி. பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு, மேற்படிப்புக்கு மறுபடி நீட். அப்பாவின் சிகிச்சைக்குக் கையில் பணம் இருக்க வேண்டிய வீடு இது. (மகள் டாக்டரானால்தான் அவர் கண் தேறும் என்பதில்லை, ஊசித் தேதி தவறாமல் போனாலே பெரிய காரியம்.) மூன்றாம் முறை நீட் எழுதுவதா என்பதை அவள் மட்டும் சொல்லட்டும்.

அவள் கேட்பது ஆய்வகத்துக் கேள்வி. சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண் இரத்தக்குழாய்கள் அடைபட்டு ஆக்சிஜன் குறையும்போது, வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் அதிகமாகச் சுரக்கும். அதனால் குழாய்கள் கசியும், வேண்டாத புதுக் குழாய்களும் முளைக்கும். அமெரிக்காவில் ஜாஸ்லின் நீரிழிவு மையத்தின் லாயிட் ஐயெல்லோவும் குழுவினரும் 1994இல் நோயாளிகளின் கண்ணுக்குள் இருக்கும் நீரிலேயே இதை அளந்து காட்டினார்கள். அப்பாவுக்குப் போடுவது அநேகமாக இந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்துதான். சில வாரங்களில் மருந்து கண்ணிலிருந்து வெளியேறிவிடும். புரதமோ சுரந்துகொண்டே இருக்கும். சிலருக்கு ஊசி போட்டும் வீக்கம் சரிவர வடிவதில்லை. ஆஞ்சியோபாய்டின்-2, இன்டர்லூகின்-6 என்று வேறு புரதங்களும் அங்கே வேலை செய்கின்றன. யார் கண்ணில் எது முந்துகிறது என்று பிரித்தறியும் வேலை இன்னும் முடியவில்லை.

அந்த வேலைக்கு வாசல் பி.எஸ்சி. உயிர்வேதியியல். நீட் வேண்டாம்.

உள்ளே போனால் என்ன செய்வாள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியின் சம்மதத்தோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும், கண்புரை அறுவையின் தொடக்கத்தில் எடுக்கும் முன்னறை நீர் (கருவிழிக்குப் பின்னால் கண்ணின் முன்பகுதியில் இருக்கும் நீர்) 0.1 மில்லிலிட்டர்தான் இருக்கும். கண்ணின் உட்பகுதியை நிரப்பும் கூழை அகற்றும் விட்ரெக்டமி அறுவையில் இன்னும் கொஞ்சம் மாதிரி கிடைக்கும். ஆனால் கண்ணுக்குள் உப்புநீரைத் திறந்துவிடும் முன்பே எடுக்க வேண்டும், தாமதித்தால் மாதிரி நீர்த்துப்போகும். உடனே பனிக்கட்டியில் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறையவைப்பார்கள். ஒரே குப்பியாக வைத்துச் சோதனைக்குச் சோதனை உருக்கி உறையவைத்தால் புரதம் சிதையும். கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தால் ஆல்புமினும் ஹீமோகுளோபினும் மற்றதையெல்லாம் மூடி மறைத்துவிடும். பிறகு எலைசா, அதாவது ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை: 96 குழித் தட்டு, ஒரு மாதிரிக்கு இரண்டு குழி. இரண்டும் ஒத்துவராவிட்டால் முதலில் பிப்பெட் (துளித் திரவத்தை அளந்து விடும் கருவி) பிடித்த கையைத்தான் சந்தேகிக்க வேண்டும். வி.இ.ஜி.எஃப். கூடியிருக்கிறது என்று எழுதும் முன் மொத்தப் புரதத்தையும் அளக்க வேண்டும், ஏனென்றால் குழாய் கசிந்தாலே இரத்தத்துப் புரதமெல்லாம் உள்ளே வந்துவிடும். சர்க்கரை இல்லாதவரின் மாதிரி பக்கத்தில் இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருளில்லை. அதனால் புள்ளியியலும் படிக்க வேண்டும். உயிரியல் பிள்ளைகள் பலர் சறுக்குவது அங்கேதான்.

இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஊரைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டுமே ஆய்வுப் பிரிவு வைத்திருக்கின்றன.

அரசுக் கலைக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். உதவிபெறும் கல்லூரி என்றால், கிடைப்பது உதவிபெறும் பிரிவா சுயநிதிப் பிரிவா என்று எழுத்தில் கேளுங்கள். வாசலில் ஒரே பலகை, கட்டணம் வேறு. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியைப் பிடித்து, மைக்ரோபிப்பெட்டை நீயே கையில் எடுத்திருக்கிறாயா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். "சார் செஞ்சு காட்டுவாங்க" என்று பதில் வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் சொற்பம். மருத்துவமனை லேப் டெக்னீஷியன் வேலைக்கு எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) படிப்பு தனியாக உண்டு, இது அதுவல்ல. எம்.எஸ்சி. கட்டாயம். அதன்பின் தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் பிஎச்.டி. செய்யும்போதே மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. இருபத்தொரு வயதில் அவள் சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் இந்தப் பாதை வேண்டாம். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சில ஐ.ஐ.டி.கள் பயோடெக்னாலஜிக்குப் பிளஸ் டூவில் கணிதம் கேட்கும். மகள் எடுத்தது கணிதம் இல்லாத தாவரவியல்-விலங்கியல் பிரிவு என்றால், கேட்-பி (GAT-B, பயோடெக்னாலஜி முதுகலைக்கான நுழைவுத் தேர்வு), சி.யு.இ.டி. (மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு) ஆகிய முதுகலைத் தேர்வுகளின் தகுதி விதிகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.