முன்கண்ணாடிக்கு முன்னால் ஒரு மூடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நானும் என் மைத்துனரும் வீட்டுக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய கிட் விமானம் ஒன்றைக் கட்டி வருகிறோம். கருவிகள் இருக்கும் பேனலுக்குப் பின்னால் ஒயர் வேலை என்றால் தலையைக் கீழே போட்டு மல்லாந்து படுத்து, கையை மேலே நீட்டித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள மேல்தகட்டில் ஓட்டை வெட்டி, கீல் போட்ட ஹேட்ச், அதாவது திறந்து மூடும் மூடி, வைத்துவிடலாம் என்கிறார் மைத்துனர். செய்யலாமா?
வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஹேட்ச் வைக்கலாம், இப்படி விமானம் கட்டுகிறவர்கள் பலரும் வைக்கிறார்கள், உங்கள் முதுகுவலியும் புரிகிறது. ஆனால் கீலை மறந்துவிடச் சொல்லுங்கள் மைத்துனரை.

அந்த மேல்தகடு சும்மா போர்த்திய துணி இல்லை. உள்ளே இருக்கும் சட்டங்களோடு சேர்ந்து அதுவும் சுமை தாங்குகிறது, குறிப்பாக முறுக்கு விசையை. அதில் ஓட்டை போட்டால் அந்தச் சுமை ஓட்டையைச் சுற்றிப் போக வேண்டும், அல்லது மூடி வழியாகப் போக வேண்டும். கீலும், கால் சுற்று திருகினால் திறக்கும் ரெண்டு பூட்டும் போட்ட மூடி எதையும் தாங்காது, காற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். என்ஜினை மூடும் கவுலிங் உறையில் ஆயில் பார்க்க வைக்கும் சின்னக் கதவுக்கு அது போதும், ஏனென்றால் கவுலிங் உடற்பகுதியின் சுமையைத் தாங்குவதில்லை. (அங்கேயும் கீல் முன்பக்கம் இருக்கட்டும், பின்பக்கம் வைத்து, பறக்கும்போது பூட்டு விட்டுப்போனால் காற்றே கதவைப் பிய்த்துத் திறந்துவிடும்.)

அதனால் உங்களுக்கு வேண்டியது சுற்றிலும் ஸ்க்ரூ போட்டு இறுக்கும் மூடி. வருஷத்துக்கு ஓரிரு தடவை திறக்கப் போகிற இடத்துக்கு இருபது ஸ்க்ரூ கழற்றுவது ஒன்றும் பெரிய பாடு இல்லை. எந்த இடத்தில் வெட்டுவது என்பதற்கு முன்னால் கீழே குனிந்து பாருங்கள்: நடுவில் ஒரு ரிப் (தகட்டைத் தாங்கும் உள்சட்டம்) ஓடினால் அதை வெட்டவே கூடாது, பெரிய ஹேட்ச் ஒன்றுக்குப் பதில் ரிப்பின் இரண்டு பக்கமும் சிறிசாக இரண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு கையும் ஒரு டார்ச் வெளிச்சமும் நுழைந்தால் போதும்.

மூலைகள்தான் முக்கியம். கூர்மையான மூலையில் விசை குவியும், அங்கேதான் வெடிப்பு தொடங்கும். 1954 ஜனவரி 10-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த காமெட் ஜெட் விமானம் ரோமில் கிளம்பிய சற்று நேரத்தில் எல்பா தீவுக்கு அருகே நடுவானில் சிதறியது. வெடிப்பு, கூரையில் ஆண்டெனாவுக்காக வெட்டியிருந்த திறப்பின் மூலையில் ஆரம்பித்ததாகப் பிறகு தெரிந்தது. அது உள்ளே காற்றழுத்தம் ஏற்றிய விமானம், உங்களுடையது அப்படி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தகட்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் அதிர்கிற என்ஜின் ஒன்று இருக்கிறது. எனவே நான்கு மூலையிலும் முதலில் பெரிய வட்டத் துளை போடுங்கள், குறைந்தது 12 மில்லிமீட்டர் ஆரம், இன்னும் பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் துளைக்குத் துளை நேர்கோட்டில் வெட்டி, அரம் போட்டு, மணல்தாளால் விளிம்பை விரலில் ஒரு பிசிறும் தட்டுப்படாத அளவுக்கு வழவழப்பாக்குங்கள். கோடு போட ஆணியும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். ஆணிக் கீறலில் வெடிப்பு தொடங்கலாம், பென்சிலின் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனா போதும்.

உட்பக்கம் ஓட்டையைச் சுற்றி டபுளர் என்கிற பலத் தகடு வரும். தகடு 2024-T3 ரக அலுமினியக் கலவை என்றால் டபுளரும் அதே ரகம், தகட்டை விட மெல்லியதாக வேண்டாம். வெளி வரிசையில் தகட்டோடு ரிவெட், உள் வரிசையில் மூடியின் ஸ்க்ரூவுக்கான நட்பிளேட் (தகட்டோடு பொருத்திய நட்). துளையின் மையத்திலிருந்து விளிம்புவரை குறைந்தது துளை விட்டத்தின் இரண்டு மடங்கு விடுங்கள். 3/32 அங்குல ரிவெட்டுக்கு 5 மில்லிமீட்டர், ஸ்க்ரூவுக்கு இன்னும் அதிகம். தகடு 0.032 அங்குலத்துக்கு மெல்லியதாக இருந்தால் ரிவெட் தலை பதிய கவுண்டர்சிங்க் பள்ளம் குடையாதீர்கள், தகட்டையே குழியாக டிம்பிள் அழுத்துங்கள். இரும்புக்கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் பாப் ரிவெட் பக்கம் போகவே வேண்டாம்.

வேலையின் வரிசையும் பார்க்க வேண்டும். தகட்டை இன்னும் விமானத்தில் ரிவெட் அடித்து மூடவில்லை என்றால் மேசையில் வைத்து முடித்துவிடுங்கள், பாதிச் சிரமம் போய்விடும். மூடிவிட்டீர்கள் என்றால் பேட்டரியைக் கழற்றி, கருவிகள் மேல் பிளாஸ்டிக் விரித்து டேப் ஒட்டிய பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும். கனெக்டருக்குள் புகுந்த ஒரு அலுமினியச் சுருள் ஆறு மாதம் கழித்து ஷார்ட் ஆகிக் காட்டும்.

இவ்வளவுக்கும் முன்னால், எங்கே எவ்வளவு வெட்டப் போகிறீர்கள் என்று படம் வரைந்து கிட் கம்பெனிக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பரிசோதிக்க வருகிறவரிடமும் வெட்டுவதற்கு முன்பே காட்டுங்கள். முடிந்ததும் கூடிய எடையை எடைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: நம் ஊர் மழைக்கு அந்த மூடி தண்ணீர் விடாமல் இருக்குமா? சிலிகோன் அடைத்தால் போதுமா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அந்த இடம் மழைக்கு மோசமான இடம்தான். முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் கூடுதலாக இருக்கும். காரில் உள்ளே விடும் காற்றை அங்கிருந்து எடுப்பதும் அதனால்தான். பறக்கும்போது மழைநீரை அது சந்துக்குள் தள்ளும், அதற்கு நேர் கீழே உங்கள் ரேடியோ.

வினிகர் வாசம் அடிக்கிற சிலிகோனை அலுமினியத்தின் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அரிப்பு வரும். பிறகு பெயிண்டும் ஒட்டாது. விமானத்துக்கான பாலிசல்ஃபைட் சீலண்டை டபுளர் மேல் மெல்லிய வரியாகப் போட்டு, மூடியின் அடியில் பேக்கிங் டேப் ஒட்டி, மூடியை வைத்து லேசாக இறுக்கிக் காயவிடுங்கள். டேப்பில் சீலண்ட் பிடிக்காது. மூடியைக் கழற்றினால் அதன் அளவுக்கே வார்த்த கேஸ்கெட், அதாவது சந்தை அடைக்கும் பட்டை, டபுளரில் நிற்கும். தடித்த ஃபோம் வைத்தால் மூடி தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்.

ஸ்க்ரூ விஷயத்தில் இன்னும் ஒன்று. கடல் காற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டால் அலுமினியம்தான் அரிபடும், துளையில் பிரைமர் தடவாமல் விடாதீர்கள். அதற்காகச் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால், பக்கத்தில் இருக்கும் காந்தத் திசைகாட்டி விலகும். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ்தான் சரி. வேலை முடிந்ததும் திசைகாட்டியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

கேள்வி: என்னுடையது ஃபைபர்கிளாஸ் கிட். இதே முறை பொருந்துமா?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பொருந்தாது. இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவில் ஃபோம் இருக்கும் சுவர் என்றால், அதில் ஸ்க்ரூ இறுக்கினாலே ஃபோம் நசுங்கிவிடும். வெட்டிய விளிம்பில் ஃபோமைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை எபாக்சியும் பஞ்சுத்தூளும் கலந்த கெட்டிக் கலவையால் நிரப்பி, மேலே புதிதாகத் துணி அடுக்க வேண்டும். எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் என்பதைக் கிட் கம்பெனிதான் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் சுவரின் கனம் தெரியவில்லை, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து இன்னொரு படம் அனுப்புங்கள்.