பழைய மண்டபமும் டேப்லட் மாற்றும் படமும்

வணக்கம். கொழும்பு புறக்கோட்டைப் பழைய நகர மண்டபப் படங்களில் உள்பக்கம் இருட்டாகவும் வெளிச்சம் வெள்ளையாகவும் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கமராவில் பிழையில்லை. வெளிச்சமான பகுதிக்கு ஏற்றபடி ஒளி அளவை வைத்து, கமரா பதியும் விவரமெல்லாம் அப்படியே இருக்கும் ரோ (RAW) கோப்பாக எடுங்கள், நிழலான பகுதியைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கலாம். மேகமூட்டமான காலை இன்னும் நல்லது.

ரயில் சாரதியும் நிலைய ஊழியரும் டேப்லட் மாற்றுவதை எங்கே படமெடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். டேப்லட் என்பது ஒற்றைப் பாதையில் போக சாரதிக்குக் கொடுக்கும் அனுமதித் தட்டு, வளையத்தில் வைத்துக் கைமாற்றுவார்கள். அதைக் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் தேடி மினக்கெட வேண்டாம். அங்கே பல பாதைகள், வண்ண விளக்குச் சமிக்ஞை. ரம்புக்கனைக்கு மேலே மலையேறும் ஒற்றைப் பாதைக்குப் போங்கள். அந்தத் தட்டு கையில் இல்லாமல் சாரதி அடுத்த பகுதிக்குள் நுழைய முடியாது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் கருவியிலிருந்து வெளியே வரும், அதனால் எதிரே இன்னொரு ரயில் வராது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

நிற்காத ரயில் என்றால் வளையம் கைமாறுவது கண்சிமிட்டும் நேரம். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வையுங்கள், ஊழியர் நிற்கும் இடத்தில் முன்கூட்டியே குவியம் பிடித்துவிட்டுத் தொடர்ச்சியாக அழுத்துங்கள். முதலில் நிலைய அதிபரிடம் அனுமதி கேளுங்கள். மேடை விளிம்பை விட்டுத் தள்ளியே நில்லுங்கள், வளையம் வேகமாக வரும்.