வெள்ளிக்கெண்டை சேர்த்ததும் கட்லா எடை ஏன் நின்றது?

கேள்வி: ஒரு ஏக்கர் குளம். போன முறை கட்லா 600, கூடவே ரோகு, மிரிகால் விட்டேன். எட்டாம் மாதம் கட்லா சராசரி 800 கிராம் வந்தது. இந்த முறை மற்றதெல்லாம் அப்படியே, வெள்ளிக்கெண்டை மட்டும் 900 கூடுதல். எட்டு மாதத்தில் அது 600 கிராம். கட்லா 350 கிராமிலேயே நிற்கிறது. தவிட்டை இரட்டிப்பாக்கி வளர்ச்சி டானிக் கலக்கச் சொல்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். குளத்தில் என்னென்ன மீன், எத்தனை என்று கேட்காமலே டானிக்கை நீட்டுகிறவர் பேச்சை நம்பாதீர்கள். கூடுதல் தவிடு அடியில் அழுகும். விடியற்காலையில் மீன் வாய் பிளந்து மேலே வரும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது: ஒரு கிலோ வெள்ளிக்கெண்டை எத்தனை கிலோ கட்லாவின் இடத்தைப் பிடிக்கிறது? சூழலியலில் இதற்குப் போட்டிக் கெழு என்று பெயர். ஒரே இரையை நம்பும் இரண்டு இனங்களுக்கு இத்தாலியக் கணித அறிஞர் வோல்டெரா 1926-லேயே சமன்பாடு எழுதிவிட்டார். அதில் வருவது தலைக்கணக்கு. நம் கெண்டைகள் தேங்கிய குளத்தில் குஞ்சு பொரிப்பதில்லை; தலை கூடாது, எடைதான் கூடும். அதனால் எடைக்கணக்கு போடுங்கள்.

விட்டதெல்லாம் பிழைத்ததாக வைத்தால், போன முறை கட்லா 480 கிலோ, இப்போது 210. குறைந்தது 270. வெள்ளிக்கெண்டை 540 கிலோ. 270-ஐ 540-ஆல் வகுத்தால் 0.5. தண்ணீரும் எருவும் இரண்டு முறையும் ஒன்றாக இருந்திருந்தால், ஒரு கிலோ வெள்ளிக்கெண்டை அரைக் கிலோ கட்லாவின் இடத்தைப் பிடித்திருக்கிறது.

ஏன் முழுக் கிலோ இல்லை? இரண்டின் செவுளையும் தூக்கிப் பாருங்கள். கட்லாவுக்குச் சீப்புப் பல் போலத் தனித்தனி இழை. வெள்ளிக்கெண்டைக்குப் பஞ்சு போல ஒட்டிய சல்லடை. கட்லாவின் செவுளில் நழுவிப்போகும் நுண்பாசியும் அதில் சிக்கும். 1934-ல் ரஷ்ய உயிரியலாளர் காஸ் வெளியிட்ட பரமேசியம் (ஒற்றைச் செல் நீருயிரி) சோதனையிலும், ஒரே இரைக்கு மோதிய இரண்டில் ஒன்று அழிந்தது. பிறகு அவர் செய்த இன்னொரு சோதனையில், அடியில் மேய்ந்த வேறொரு இனம் பிழைத்துக்கொண்டது. ஆகவே வெள்ளிக்கெண்டையை அடியோடு நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்து இப்போது 750 கிலோ இருக்கிறதே!

இந்தக் கணக்கை எட்டாம் மாதம் நான் போடுவதுதான் எனக்கு வருத்தம். தராசும் நோட்டும் இல்லாமல் கூட்டு மீன் வளர்ப்பில் இறங்கவே கூடாது. மாதம் ஒருமுறை சோதனை வலை, இனத்துக்கு முப்பது மீன், அதே இடத்தில் எடை. மூன்றாம் மாதமே கட்லா பின்தங்கியது தெரிந்திருக்கும். அப்போதே வெள்ளிக்கெண்டையைக் கழித்திருக்கலாம்.

இப்போது வெள்ளிக்கெண்டையில் பெரிதாகப் பார்த்துப் பாதியைப் பிடித்து விற்றுவிடுங்கள். விடியற்காலையில், ஒரே இழுப்பில். வலையில் துள்ளி அடிபட்ட வெள்ளிக்கெண்டை திரும்பக் குளத்தில் விட்டால் பிழைப்பது கடினம்.